ஆடும் துப்பாக்கிக் கட்டையைக் குறைந்த செலவில் இறுக்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், டொங்காட், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்கள் குளிர்காலம் நெருங்கினாலே கேட்பது இதைத்தான்: "கட்டை லொடலொடன்னு ஆடுது. துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்தால் வேட்டை சீசனே முடிஞ்சிடும். வீட்டிலேயே சரி பண்ண முடியுமா?"

முடியும். பெரும்பாலான ஆட்டத்துக்கு மருந்து நல்ல ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் நிதானமும்தான். எது ஆடுகிறது என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. திரும்பக் கழற்றக்கூடிய வைத்தியம் இரண்டாவது. எபாக்ஸிப் பிசினைக் கையில் எடுப்பது கடைசி. இந்த வரிசையை மாற்றியதால் கெட்ட கட்டைகள் நிறைய. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த வரிசையிலேயே யோசிக்கின்றன.

வேலையைத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

தோட்டா நிற்கும் மேகசினைக் கழற்றுங்கள், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை வெளியே எடுங்கள், குழலின் பின்வாயைக் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. "நேற்றுதான் காலி பண்ணினேன்" என்பது கணக்கில் சேராது.

சத்தம் கட்டையிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரியும்?

பாதிக்குப் பாதி அது கட்டையாக இருக்காது. வார் மாட்டும் வளையங்கள், இரண்டு கால் தாங்கியான பைபாட், தொலைநோக்கியின் ரிங், மேகசினின் அடித்தகடு எல்லாமே கடகடக்கும். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துப்பாக்கியை உள்ளங்கையால் தட்டுங்கள். எதைப் பிடித்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள்.

அவை எல்லாம் சரியாக இருந்தால் இந்தச் சோதனை. பின்கட்டையைத் தரையில் ஊன்றித் துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்துங்கள். ஒரு கையால் குழலையும் முன்கட்டையின் நுனியையும் சேர்த்துப் பிடியுங்கள். ஒரு விரல் இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் இருக்கட்டும். மறு கையால், ஆக்‌ஷனை (குழலும் போல்ட்டும் பொருந்தும் உலோக உடல்) கட்டையோடு பிடிக்கும் முன் ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்துங்கள், பிறகு இறுக்குங்கள். விரலுக்கு எந்த அசைவும் தெரியவில்லை என்றால் ஆக்‌ஷன் கட்டையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. குழல் எழும்பி இறங்கினால் ஆக்‌ஷன் சமமில்லாத படுக்கையில் இருக்கிறது. வெறுமனே இறுக்கி அதைத் தீர்க்க முடியாது.

ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். கட்டைக்குள் மேகசின் பெட்டி தனித் துண்டாக நிற்கும் துப்பாக்கிகளில் அந்தப் பெட்டி கொஞ்சம் ஆடத்தான் வேண்டும். அந்த லொடலொடப்பைச் சரி செய்யப் போகாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

டர்பனில் இறுக்கமாக இருந்த கட்டை உள்நாட்டு மாகாணமான ஃப்ரீ ஸ்டேட் போனதும் ஆடுகிறதே, ஏன்?

மரம் ஈரத்தைக் குடிக்கும், காய்ந்தால் கக்கும். கடலோர ஈரக்காற்றில் ஊதியிருக்கும் வால்நட் கட்டையை எடுத்துக்கொண்டு 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் புளூம்ஃபான்டைன் பக்கமோ வறண்ட கரூ நிலப்பகுதிக்கோ குளிர்காலத்தில் போகிறீர்கள். அங்கே காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் இறுகிக்கொண்ட வாசற்கதவு காய்ந்த காலத்தில் தானாக ஆடுவது மாதிரிதான் இதுவும். மரம் நாரின் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். ஆக்‌ஷன் ஸ்க்ரூக்கள் மரத்தைக் கவ்விப் பிடிப்பதும் அந்தக் குறுக்குவாக்கில்தான். மரம் ஒரு மயிரிழை மெலிந்தாலே பிடி போய்விடும். போதாததற்கு பக்கியின் (பிக்கப் வண்டி) பின்னால் மண்சாலையில் பல மணி நேரம் குலுங்கிக்கொண்டு வேறு வருகிறது.

அதனால் ஊர் போய்ச் சேர்ந்து, ஒரு நாளாவது துப்பாக்கி அந்தக் காற்றில் இருந்த பிறகு, ஸ்க்ரூக்களைப் பாருங்கள். இறுக்கியபின் பரிசோதனைக்கு ஒரு குண்டு சுடுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி பாருங்கள். அங்கே இறுக்கியது இங்கே மரம் ஊதும்போது அளவுக்கு மீறி நசுக்கும்.

ஸ்க்ரூ நகர்ந்ததா என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி நெயில் பாலிஷ். இறுக்கி முடித்ததும் ஸ்க்ரூத் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை மெல்லிய கோடு ஒன்று. கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

தயாரிப்பாளர் கையேட்டில் அளவு இருந்தால் அதுதான் வேதம். கையேடு இல்லாத சாதாரண மரக்கட்டைக்கு 35 முதல் 40 இஞ்ச்-பவுண்ட், அதாவது சுமார் 4 முதல் 4.5 நியூட்டன் மீட்டர் போதும். உள்ளே அலுமினியத் தாங்கிகள் வைத்த செயற்கைக் கட்டைக்கு 65 இஞ்ச்-பவுண்ட், சுமார் 7.3 நியூட்டன் மீட்டர் வரை போகலாம். மரத்துக்கு அந்த 65-ஐக் கொடுத்தால் நார் நசுங்கும். நசுங்கிய மரம் அடுத்த வாரமே தளரும், நீங்கள் மறுபடி இறுக்குவீர்கள், அது மறுபடி நசுங்கும். கட்டை சாவது இப்படித்தான்.

இறுக்கும் அளவைக் காட்டும் சிறிய டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். இந்தப் பக்கத்தில் கொஞ்சம் அதிகக் காசு செலவழிக்கச் சொல்கிற ஒரே கருவி அதுதான்.

இறுக்கும் முறையும் முக்கியம். துப்பாக்கியை நிமிர்த்தி, பின்கட்டையைத் தரையில் ஊன்றி, ஆக்‌ஷனின் எடையை அதன் உதைப்பு லக் (சுடும்போது வரும் உதைப்பைக் கட்டைக்குக் கடத்தும் உலோகப் புடைப்பு) மீது உட்கார விடுங்கள். முதலில் முன் ஸ்க்ரூ, பிறகு பின் ஸ்க்ரூ, விரலால் வரும் மட்டும். அதன்பின் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்க்ரூடிரைவரின் நுனி பிளவின் முழு நீள அகலத்தையும் நிரப்ப வேண்டும். சமையலறை டிராயரில் கிடக்கும் டிரைவர் ஸ்க்ரூத் தலையைச் சிதைத்துவிடும். விலை குறைந்த பிட் ஒன்றை வாங்கி அரம் போட்டுப் பிளவுக்குத் தகுந்தபடி மெலித்துக்கொள்ளலாம்.

ஸ்க்ரூ முழுக்க இறுகிவிட்டது, ஆனாலும் கட்டை ஆடுகிறது. இது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கடையில் பொருள் வாங்கித் தீர்க்க முடியாது, பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். ஸ்க்ரூ எதையோ இறுக்குகிறது, ஆனால் அது கட்டை இல்லை. சந்தேகப்பட மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, ஸ்க்ரூ நீளம் அதிகம். மரையின் அடியில் போய் முட்டிக்கொண்டு இறுகியது போல் காட்டும். யாரோ எப்போதோ வேறு ஸ்க்ரூ மாற்றியிருந்தால் இது சகஜம். போல்ட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்க்ரூவை இறுக்கும்போது போல்ட் உரசினால், தளர்த்தும்போது சுலபமாக ஓடினால், நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. நுனியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஆக்‌ஷனில் அரம் படவே கூடாது.

இரண்டு, மேலே சொன்ன மேகசின் பெட்டி. கட்டை சுருங்கியோ, யாராவது உள்ளே மரத்தைச் செதுக்கியோ இருந்தால், ஆக்‌ஷனுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே பெட்டி தூண் மாதிரி மாட்டிக்கொள்ளும். ஸ்க்ரூவின் பலம் முழுவதும் பெட்டிக்குப் போகும், மரத்துக்கு ஒன்றும் கிடைக்காது. இறுக்கிய பிறகு பெட்டியை விரலால் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் அதுதான் குற்றவாளி.

மூன்றாவதைத்தான் பழைய ஜெர்மன் வகையான மௌசரில் அதிகம் பார்க்கிறேன். மௌசர் 98-இல் பின் ஸ்க்ரூ மரத்தின் ஊடாக நேரே போவதில்லை, ஒரு சின்ன உலோக புஷ்ஷுக்குள் (குழாய் உறை) போகிறது. ராணுவத் துப்பாக்கியை வேட்டைக்கு மாற்றியவர்கள் புதுக் கட்டை போடும்போது அந்த புஷ்ஷைத் தொலைத்துவிடுவார்கள். கழற்றிப் பார்த்தால் பின் ஓட்டையைச் சுற்றி மரம் கண்ணாடி மாதிரி பளபளவென்று அழுந்தி, எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும். ஓட்டையின் விளிம்பு முட்டை வடிவத்துக்கு நீண்டிருக்கும். அங்கே உலோகம் தாங்கவில்லை, மரம்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மருந்து மலிவு. ஸ்க்ரூ தாராளமாக நுழையும் பித்தளை அல்லது எஃகுக் குழாய்த் துண்டு ஒன்று. அந்த இடத்தில் மரம் எவ்வளவு உயரமோ அதைவிட மயிரிழை குறைவாக வெட்டி, இரண்டு முனையையும் சமமாக அரம் போட்டு உள்ளே வையுங்கள். ஸ்க்ரூ இறுகும்போது மரம் முதலில் கவ்வப்படும், உடனே குழாய் முட்டி "போதும்" என்று நிறுத்தும். அதன்பின் அந்த மூலையில் மரம் மேலும் நசுங்காது.

மரைப்பசை போடலாமா?

நீல நிற நடுத்தரப் பசை, லாக்டைட் 243 வகை, ஒரு சொட்டு போதும். மரையை எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டுப் போடுங்கள், முழுசாகக் காய ஒரு நாள் விடுங்கள். சிவப்பு வேண்டாம். அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும், மரக்கட்டைக்குப் பக்கத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. எதனால் தளர்கிறது என்று கண்டுபிடிக்கும் முன் எந்தப் பசையும் போடாதீர்கள்.

பையனின் ஏர் ரைஃபிளில் வாரத்துக்கு ஒரு தடவை ஸ்க்ரூ கழல்கிறது.

ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளில் பிஸ்டன் முன்னும் பின்னுமாக அடிக்கும் இரட்டை அதிர்ச்சி உண்டு. பெரிய வேட்டைத் துப்பாக்கியைவிட அது ஸ்க்ரூக்களைச் சீக்கிரம் கழற்றும். முன்கட்டையின் இரண்டு பக்கமும், விசைக்காப்பிலும் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, தலைக்கு அடியில் பல் வைத்த பூட்டு வாஷர் போட்டு, நீலப் பசை ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். தலை மரத்துக்குள் புதைந்திருந்தால் அடியில் ஒரு தட்டை வாஷர். குழலை மடிக்கும் வகையில் கீல் போல்ட்டையும் ஒரு தடவை பாருங்கள். குண்டுகள் சிதறிப் போவது பல சமயம் இதோடு நின்றுவிடும்.

இழுத்து நீட்டும் பிளாஸ்டிக் கட்டை குழாயின் மேல் ஆடுகிறது. என்ன செய்யலாம்?

ஏஆர்-15 போன்ற துப்பாக்கிகளின் கேள்வி இது. குழாய் என்பது குழல் அல்ல, ஆக்‌ஷனின் பின்னே நீளும், கட்டை மாட்டும் குழாய். முதலில் குழாயின் விட்டத்தை அளந்து பாருங்கள். ராணுவ அளவுக் குழாய் சுமார் 29.2 மி.மீ., வணிக அளவு சுமார் 29.7 மி.மீ. வணிக அளவுக் கட்டையை ராணுவக் குழாயில் மாட்டினால் அரை மி.மீ. ஆடத்தான் செய்யும். எந்த டேப்பும் அதற்கு முழு மருந்தில்லை, கட்டையை மாற்றுங்கள்.

அளவு பொருந்தியும் லேசாக ஆடினால், வெல்க்ரோ ஒட்டுத்துணியின் மிருதுவான பக்கத்தை, முள் பக்கத்தை அல்ல, ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிக் கட்டையின் உள்மேல் பக்கத்தில் ஒட்டுங்கள். அது தடிமனாகப் போனால் எலெக்ட்ரிக் டேப்பைக் குழாயின் மேல்பக்கம் நீளவாக்கில் ஒரு பட்டை. டேப் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும் என்பதால் எனக்கு இன்னொன்று பிடிக்கும்: 2 லிட்டர் பால் கேனின் பிளாஸ்டிக். கேனின் தட்டையான பக்கத்தில் ஒரு பட்டை வெட்டி, ஓரங்களை மழுக்கி, மெல்லிய இரட்டைப்பக்க டேப்பால் உள்ளே ஒட்டினால் வழுக்கிக்கொண்டு நீளும், ஆடாது. குழாயின் அடியில் இருக்கும் நிலைத்துளைகளை எதுவும் மூடக் கூடாது.

கட்டையோடு குழாயே திரும்பினால் இந்த வைத்தியம் எதற்கும் உதவாது. குழாயைத் துப்பாக்கியோடு பூட்டும் காஸில் நட் தளர்ந்திருக்கிறது. அதற்கு உரிய ஸ்பானரும் பழக்கமும் உள்ளவரிடம் போங்கள்.

ஷாட்கன், 303 இவற்றின் பின்கட்டை தனியாக ஆடுகிறதே?

இவற்றில் பின்கட்டையின் உள்ளே ஒரு நீள போல்ட் ஓடுகிறது. ஷாட்கன்னில் ரப்பர் தகட்டைக் கழற்றி, நீள ஸ்க்ரூடிரைவரோ சாக்கெட்டோ விட்டு இறுக்கினால் பெரும்பாலும் முடிந்தது. மரம் சுருங்கி இன்னும் இடைவெளி இருந்தால் மூட்டில் மெல்லிய தோல் துண்டு வைக்கலாம்.

பழைய 303-இல், அதாவது லீ-என்ஃபீல்ட் ராணுவத் துப்பாக்கியின் எஸ்.எம்.எல்.இ. நம்பர் 1 மார்க் 3 வகையில், கவனம் வேண்டும். அந்த நீள போல்ட்டின் முன்நுனி சதுரம். அது முன்கட்டையின் பின்புறம் உள்ள தகட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். நூறு வருஷ மரம், மாற்றுக் கிடைப்பது கஷ்டம். முதலில் முன்கட்டை, பிறகுதான் பின் போல்ட். நம்பர் 4 வகையில் இந்தச் சதுரம் கிடையாது.

பின்தகட்டின் மர ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகிவிட்டது.

மூங்கில் பல்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஓட்டையில் நெருக்கி அடைத்து, காய்ந்ததும் மட்டமாக வெட்டி, சின்ன வழித்துளை போட்டு ஸ்க்ரூவை மாட்டுங்கள். தீக்குச்சி மரம் மிருது, நிற்காது. சூப்பர் க்ளூவும் பொடியுமாக வரும் க்யூ-பாண்ட் இந்தத் தகட்டு ஓட்டைக்குச் சரி. ஆக்‌ஷன் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள், அது உதைப்பைத் தாங்காமல் பொடிப்பொடியாக உடையும்.

ஹார்டுவேர் கடை எபாக்ஸியால் ஆக்‌ஷனுக்குப் படுக்கை போடலாமா?

முன்னே சொன்னதெல்லாம் செய்தும் விரல் சோதனையில் குழல் எழும்பினால் மட்டும். பிராட்லி பிராண்ட் மாதிரி மெதுவாக இறுகும் எஃகு கலந்த எபாக்ஸி போதும். 5 நிமிட வகை வேண்டாம், நீங்கள் ஆக்‌ஷனை நேராக உட்கார வைப்பதற்குள் அது இறுகிவிடும்.

அதற்கு முன் ஒத்திகை. பழைய விசிட்டிங் கார்டிலோ குளிர்பானத் தகரத்திலோ சின்னத் துண்டு வெட்டி உதைப்பு லக்கின் பின்னே கட்டைப் பரப்பில் வைத்து, இறுக்கிச் சுட்டுப் பாருங்கள். குண்டுகள் ஒன்றுகூடினால் படுக்கைதான் பிரச்சினை என்று உறுதியாகிறது. தகரத்தை அப்படியே விட்டும் சிலர் பல வருஷம் ஓட்டுகிறார்கள், அதில் தப்பில்லை.

எபாக்ஸி வேலை கெட்டுப்போகும் இடம் ஒன்றே ஒன்று: உலோகம் ஒட்டிக்கொள்வது. பிசின் படக்கூடிய எல்லா உலோகத்திலும் ஷூ பாலிஷ் இரண்டு பூச்சு, ஸ்க்ரூ மரையிலும் சேர்த்து. லக்கின் முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடிப்பக்கம் இவற்றில் ஒரு அடுக்கு டேப். பின்பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும், உதைப்பைத் தாங்கப் போவது அதுதான். விசை பொருந்தும் இடம், ஸ்க்ரூ ஓட்டைகள், உள்வளைந்த பள்ளங்கள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அடையுங்கள். பள்ளத்துக்குள் போய் இறுகிய பிசின் ஆணி மாதிரி மாட்டிக்கொள்ளும், பாலிஷ் இருந்தாலும் கழலாது. ஸ்க்ரூவை உட்காரும் அளவுக்கு மட்டும் திருகுங்கள், இறுக்க வேண்டாம். வழிந்ததை இறுகும் முன் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். ஒரு முழு நாள் தொடாதீர்கள்.

குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே பத்து ராண்ட் நோட்டு வழுக்கிப் போகிற இடைவெளி இருந்தால் அது வேண்டுமென்றே விட்டது. அதை நிரப்பாதீர்கள்.

கட்டையில் விரிசல் இருக்கிறது.

ஆக்‌ஷனின் வாலுக்குப் பின்னே மயிர் மாதிரி ஓடும் விரிசல் என்றால், எண்ணெயை அசிட்டோனால் இழுத்துவிட்டு, தண்ணீர் மாதிரி மெல்லிய சூப்பர் க்ளூவை ஊறவிட்டுக் கட்டி வைக்கலாம். அந்த விரிசல் வந்ததே வால் மரத்தை முட்டியதால்தான், எனவே வாலுக்குப் பின்னே ஒரு தாள் கனம் இடைவெளி செதுக்கிவிடுங்கள். கழுத்தில் குறுக்கே ஓடும் விரிசல் வேறு கதை. 375 போன்ற பெரிய துப்பாக்கியில் அதைப் பசையால் ஒட்டிச் சுடக் கூடாது. உள்ளே கம்பி வைத்துச் சேர்க்கத் தெரிந்த கன்ஸ்மித்திடம் கொடுங்கள்.

தச்சு தெரிந்த மாமா இருக்கிறார். துப்பாக்கியை அவர் வீட்டில் விட்டு வரலாமா?

துப்பாக்கியை விட்டு வர முடியாது. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உங்கள் துப்பாக்கி உங்கள் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். வழி என்னவென்றால், அந்தச் சட்டம் முக்கிய பாகங்களாகச் சொல்வது குழல், ஃப்ரேம் அல்லது ரிசீவர், ஸ்லைடு, போல்ட் போன்றவற்றை. மரக்கட்டை அதில் இல்லை. உலோகத்தைக் கழற்றி தென்னாப்பிரிக்கத் தர நிலையத்தின் (எஸ்.ஏ.பி.எஸ்.) 953 தரப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, கட்டையை மட்டும் மாமாவிடம் கொண்டுபோங்கள். குழல், அளவு, விசை இயங்குமுறை, வரிசை எண் இவற்றை மாற்றும் வேலை உரிமம் பெற்ற கன்ஸ்மித்துக்கே.

தாத்தா வைத்திருந்த பழைய மௌசர். அதற்கும் இதையெல்லாம் செய்யலாமா?

தாத்தாவின் உரிமம் உங்களுக்குத் தானாக வராது. உங்கள் பெயரில் தகுதிச் சான்றும் உரிமமும் வேண்டும். 1890-களில் வந்தது என்றாலும் விலக்கு இல்லை. இந்தச் சட்டம் தனியாக நடத்துவது குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளைத்தான், மௌசர் அந்த வகை இல்லை.

உரிமம் சரியென்றால் உலோகத்தையும் மரத்தையும் உற்றுப் பாருங்கள். ரிசீவரில் ஓ.வி.எஸ். எழுத்துகள் இருந்தால் அது பழைய ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசு வாங்கியது. கட்டையில் கத்தியால் செதுக்கிய பெயர் இருந்தால் அது ஆங்கிலேயரோடு நடந்த போயர் போரில் தூக்கிப் போன ஒருவரின் பெயராக இருக்கலாம். அப்படிப்பட்ட கட்டையில் எபாக்ஸி, உப்புத்தாள், வார்னிஷ் எதுவும் படக் கூடாது. தோல் துண்டு, தகரத்துண்டு என்று திரும்ப எடுக்கக்கூடியவை மட்டும். வேட்டைக்கு வேறு துப்பாக்கி கொண்டுபோங்கள், இதை யாரும் மறுபடி செய்து தர முடியாது.

எண்ணெய் தடவினால் கட்டை ஆடாமல் இருக்குமா?

ஆட்டம் தீராது, ஈரம் ஏறி இறங்கும் வேகம் குறையும். வெளியே மட்டும் பளபளப்பாக்கிவிட்டு ஆக்‌ஷனுக்கு அடியிலும், பின்தகட்டின் கீழும் வெறும் மரமாக விட்டுவிடுகிறார்கள். ஈரம் நுழைவதே அந்த வழியாகத்தான். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

எல்லாம் முடிந்தது. அடுத்து?

போல்ட்டை மாட்டி வெறுமையாகப் பல தடவை ஓட்டுங்கள். பாதுகாப்புப் பூட்டு பிடிக்கிறதா, விசை பழையபடி வருகிறதா என்று பாருங்கள். பின்கட்டையை ரப்பர் விரிப்பின் மேல் லேசாகத் தட்டியும் சுடும் ஊசி தானாக விழக் கூடாது. விழுந்தால் தோட்டா போடாமல் நேரே கன்ஸ்மித்திடம்.

கட்டையைக் கழற்றி மாட்டிய துப்பாக்கியின் குறி பெரும்பாலும் நகர்ந்திருக்கும். ரேஞ்சில் 25 மீட்டரில் தொடங்கி 100 மீட்டருக்குப் போங்கள். குழல் ஆறியபின் மூன்று குண்டு, மறுபடி ஆறவிட்டு மூன்று. இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் விழுந்தால் நெயில் பாலிஷ் கோட்டைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.